நடுவர் நிற்குமிடம்

நடுவர் என்ற சொல்லைச் செவியுற்ற மாத்திரத்தில் நடுவில் நிற்பவர் என்ற எண்ணமே நமக்கு உண்டாகின்றது. முன்பு பெருவழக்காயிருந்த மத்தியஸ்தர் என்னும் வடசொல்லுக்கும் பொருள் அதுவே. வள்ளுவரும் நடுவு நிலைமையைக் கூறப் புகுந்தவிடத்துத் துலாக்கோலை உவமையாக எடுத்துக் காட்டினார். துலாக்கோலின் நாவோ நின்றவிடத்தில் நின்றே தன் தொழிலைச் செய்கின்றது. இவற்றையெல்லாம் நன்கு கற்ற ஒருவர், விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஹாக்கி மைதானத்தின் நடுவிற் போய் நிற்பாராயின், அவர் கண்ணுக்குப் புலப்படுவன பெரும்பாலும் ஆடுவோரின் முதுகுகளே. உள்ளத்தால் நடுவில் நிற்கவேண்டிய அவர், உடலால் ஓரத்தில் நிற்கவேண்டியவராகின்றார். எந்த ஓரம், எவ்வளவு தூரம், எந்தக் கணம் என்று அறிவதே அத்தொழிலின் முக்காற்பங்கு. விதிகளை அறிவது எஞ்சிய காற்பங்கு. விதிப்புத்தகத்தை நெட்டுருச் செய்து தேர்வில் தேறியவர்கள் இக்கணக்கைக் கேட்டு என்மேற் சினங்கொள்ளலாம். கொள்க.

யான் இக்கல்லூரியை விட்டுச் சென்றபின் ஆவடியில் குடியேறி, இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஞாயிறுதோறும் ஹாக்கிப் பந்தயங்களுக்கு விசில் ஊதி வருகின்றேன். ஆவடி படைவீரர்களின் ஊர். கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் இங்கு நிறுவப்பட்டது. விஜயந்தா என்னும் பீரங்கி வண்டிகள் இங்கேதான் செய்யப்பட்டன. ஊரின் பெயரையே ஆங்கிலத்தில் படைவண்டிகளையும் கிடங்கையும் குறிக்கும் சொற்களின் முதலெழுத்துக்களால் ஆயதென்று சிலர் பிரித்துப் பொருள் கூறுவர். காங்கிரஸ் மகாசபை 1955இல் கூடி ஆவடி மாநாடு என்று பெயர் பெற்றபொழுது அத்தொழிற்சாலை ஏட்டளவிலும் இல்லை என்பதை அவர்களுக்கு நினைவூட்டுவது என் வழக்கம். அவர்கள் ஒப்புக்கொள்ளாமையும் வழக்கம். அது நிற்க. படைத்துறை சார்ந்த பல அலுவலகங்கள் இருத்தலால், இந்தியாவின் எல்லாத் திசைகளிலிருந்தும் வந்தோர் இங்கு அண்டை வீட்டாராக வாழ்கின்றனர். பஞ்சாபியர் கோலூன்றி வந்து மைதானத்தோரத்தில் அமர்ந்து ஆட்டத்தைக் குறை கூறுவர். கூர்க்கர் வாய்திறவாது பார்த்துச் செல்வர். இத்தகைய அவையின் முன் விசில் ஊதுதல் எளிதன்று.

ஹாக்கியில் நடுவர் இருவர். மைதானத்தின் நீளம் 91.40 மீட்டர், அகலம் 55 மீட்டர். பக்கக்கோட்டில் நின்று உள்நோக்கும் நடுவருக்குத் தம் வலக்கைப் பக்கத்துப் பாதி உரியது. எதிர்ப்பக்கத்தில் நிற்பவருக்கும் அவ்வாறே. ஆகவே இருவரும் மூலைக்கு மூலையாக நின்று களத்தைப் பங்கிட்டுக் கொள்கின்றனர். பந்து தம் பாதியை நோக்கி வருங்கால், நடுவர் அதன் பின்னே ஓடாமல் அதற்கு முன்னே செல்லுதல் வேண்டும். டி என்று நாம் வழங்கும் அடிக்கும் வட்டத்துக்குள் தாக்குவோரின் மட்டை பந்தைத் தொட்டதா என்பதையும், தொட்டபின் அது கோட்டைக் கடந்ததா என்பதையும் ஒருவரே ஒரு நோக்கில் காணவேண்டும். இவ்விரண்டையும் காண இயலும் இடம் ஏறத்தாழ ஒரு சிறு அறையின் அளவே இருக்கும். அவ்வறையும் பந்தோடு நகர்ந்துகொண்டே இருக்கும். பெனால்டி கார்னரில் இது மேலும் கடினமாகின்றது. காப்போர் ஐவர் கோல்கோட்டின் பின்னிருந்து பாய்கின்றனர். தள்ளப்பட்ட பந்து வட்டத்துக்கு வெளியே சென்று மீளவேண்டும். முதலடி ஓங்கி அடிக்கும் அடியாயின் கோலின் அடிப்பலகைக்கு மேல், அதாவது 460 மில்லிமீட்டருக்கு மேல், எழுந்து கோட்டைக் கடத்தல் கூடாது. இவையெல்லாம் மூன்று நான்கு நொடியில் முடிந்துவிடும். எழும்பூர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் 2023ஆம் ஆண்டு ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை ஆட்டங்கள் நடந்தபொழுது, ஐயம் எழுந்தால் படத்தைத் திரும்ப ஓட்டிப் பார்க்கும் நடுவர் தனியே இருந்தார். ஆவடியின் செம்மண் மைதானத்தில் திரும்ப ஓட்டிப் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. சுண்ணாம்புப் பொடியால் இட்ட கோடே இரண்டாம் பாதியில் பாதி அழிந்திருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் அம்மைதானத்தில் நிகழ்ந்த ஒன்றை இங்குக் கூறவேண்டும். நம் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துவந்த மாணவன் ஒருவனை யானே நடுவர் வேலைக்கு அழைத்துப் பழக்கிவந்தேன். ஓட்டத்தில் சளையாதவன், பட்சபாதம் என்பது இன்னதென்றே அறியாதவன். ஒரு ஞாயிறு மாலை, ஆட்டம் சமநிலையில் முடியுந் தறுவாயில், வலையின் பக்கத்தில் ஒரு சலசலப்புண்டாயிற்று. பந்து வலைக்குள் கிடந்தது. வலையோ பக்கவாட்டில் கிழிந்திருந்தது. பந்து முன்வாயில் வழியாகச் சென்றதா, கிழிசல் வழியாக வெளியிலிருந்து புகுந்ததா என்பதே கேள்வி. அவன் கோல் என்று விசில் ஊதினான். தோற்ற கட்சியார் அவனைச் சூழ்ந்துகொண்டனர். ஒருவர் சட்டையைப் பற்றி உலுக்கினார். மற்றொருவர் அவன் சாதியைச் சொல்லி ஏசினார். அக்கட்சியின் பெயரை யான் கூறப்போவதில்லை. அவன் திருப்பி ஒரு சொல்லும் சொல்லாது மேசையருகே வந்து, விசிலைக் கழற்றி என் கையில் வைத்து, “ஸார், எனக்கு இது வேண்டாம்” என்றான்.

அவன் தீர்ப்புச் சரியோ தவறோ யான் அறியேன். மேசையிலிருந்து அது தெரியவில்லை. அவனை இரண்டு வாரம் வீடு சென்று தேற்றினேன். உண்மையாய் நடந்தாய், கவலற்க என்றேன். அவன் முகத்தில் என் தேறுதல் சிறிதும் ஏறவில்லை. சாதிச்சொல்லின் தழும்பு அவ்வளவு எளிதில் ஆறுவதன்று என்பது எனக்கும் தெரியும்.

அந்நாளில் எங்கள் தெருவில் லடாக்கிலிருந்து மாற்றலாகி வந்த ஹவில்தார் ஒருவர் குடியிருந்தார். ஆவடியின் சித்திரை வெயிலில் அவர் பட்ட பாடு சொல்லுந்தரமன்று. வாசலில் நீர் தெளித்து அதன்மேல் நாற்காலியிட்டு அமர்ந்திருப்பார். தம் ஊரில் குளிர்காலந்தோறும் ஐஸ் ஹாக்கி ஆடியும், படைப்பிரிவுகளுக்குள் நடக்கும் பந்தயங்களில் லைன்ஸ்மனாக நின்றும் பழகியவர். பையனின் கதையை அவரிடம் சொன்னேன். அறிவுரையோ ஆறுதலோ எதிர்பார்த்தேன். அவர் அவனை அழைத்துவரச் சொல்லி, வந்தவனிடம், அரைத் தமிழும் அரை இந்தியுமாகக் கேட்டது ஒரே கேள்விதான்: “தம்பி, நீ எங்கே நின்றாய்?”

பையன் வாயடைத்து நின்றான். சினமில்லாமல் அவனைக் கேட்ட முதற்கேள்வி அது. பின்பு, இருபத்தைந்து கெஜக் கோட்டருகே நின்றதாகக் கூறினான். ஹவில்தார் எழுந்து, ஈரமண்ணில் ஒரு குச்சியால் நீள்சதுரம் ஒன்று வரைந்தார். அன்று தொடங்கிய பாடம் ஆறேழு மாலைகள் நீடித்தது. பனிக்கட்டியை மீன்கடையில் அன்றி வேறெங்கும் கண்டிராத யானும் அருகிருந்து கற்றேன்.

ஐஸ் ஹாக்கியை நம்மவர் பலர் அறியாராதலின் சிறிது விளக்குகின்றேன். 60 மீட்டர் நீளமுள்ள பனிக்கட்டித் தளத்தில், இரும்பலகு தைத்த காலணிகளோடு கட்சிக்கு ஐவரும் ஒரு கோல்காவலரும் ஆடுவர். பந்துக்குப் பதிலாகக் கெட்டி ரப்பர் வட்டு ஒன்றைப் பயன்படுத்துவர். அதன் குறுக்களவு 7.62 சென்டிமீட்டர், கனம் 2.54 சென்டிமீட்டர். நல்ல ஆட்டக்காரர் அடித்தால் அது மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேலும் விரையும். இந்தியா இவ்விளையாட்டின் சர்வதேச சம்மேளனத்தில் 1989இல் சேர்ந்தது. சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரத்தில், கர்சூ என்னும் குளம் குளிர்காலத்தில் உறைய, அதுவே ஆட்டக்களமாகும். அங்கிருந்து எழுந்த ஆர்வமே 2025ஆம் ஆண்டில் நம் பெண்கள் அணி ஆசியக் கோப்பைப் பந்தயத்தில் மூன்றாமிடம் பெறும் அளவுக்கு வளர்ந்தது.

நம் ஹாக்கிக்கும் அதற்கும் நடுவர் திறத்தில் உள்ள பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. நமக்குக் கோட்டுக்கு வெளியே நிலமிருக்கின்றது; வேண்டும்பொழுது அங்கே ஒதுங்கலாம். பனித்தளத்தைச் சுற்றியோ இடுப்பளவுக்கு மேல் உயர்ந்த பலகைச் சுவர் சூழ்ந்திருக்கும். வெளியே என்பது கிடையாது. நடுவர் நால்வரும் ஆட்டத்துக்குள்ளேயே, ஆட்டத்துக்கு இடையூறின்றி, மறைந்து வாழவேண்டும். வட்டு அவர்கள்மேற் பட்டாலும் பொதுவாக ஆட்டம் நில்லாது; அவர்மேற் பட்டு நேரே வலைக்குட் புகுந்தால் மட்டும் கோல் ஆகாது. ஆகவே அவர்கள் சுவரை ஒட்டியே சறுக்குவர். ஆடுவோர் வட்டோடு சுவரோரமாகப் பாய்ந்து வந்தால், ஒதுங்க வழியில்லாதபொழுது, சுவரின் மேல்விளிம்பைப் பற்றி உடலை மேலே தூக்கிக்கொண்டு, அவர்கள் கீழே கடந்து சென்றபின் இறங்குவர். ஹவில்தார் இதனை எங்கள் வீட்டு மதிற்சுவரில் செய்து காட்டினார். தெருச் சிறுவர் கைகொட்டினர். தொங்கும்பொழுதும் அவர் கண்கள் மண்ணில் கிடந்த வட்டை, அதாவது என் மனைவியின் குழம்புச்சட்டி மூடியை, விட்டு அகலவில்லை. முகத்தைத் திருப்பினால் அக்கணத்தில் நடந்தது என்றென்றைக்கும் போயிற்று என்றார்.

நால்வரில் இருவர் ரெபரி, இருவர் லைன்ஸ்மன். தளத்தின் குறுக்கே இரண்டு நீலக்கோடுகள் உண்டு. தாக்கும் கட்சியைச் சேர்ந்தவன் வட்டுக்கு முன்னதாக இருகாலும் நீலக்கோட்டைக் கடந்துவிட்டால் ஆப்சைடு. கையும் மட்டையும் எங்கிருந்தாலும் கணக்கில்லை, காலணிகளே கணக்கு. இதனைக் காண்பதற்கு லைன்ஸ்மன், வட்டு வந்து சேருமுன்பே, அக்கோட்டின் நேர்நீட்சியில் சென்று நிற்கவேண்டும். இரண்டு முழம் முன்போ பின்போ நின்றால், கோணத்தால் கண் ஏமாறும். நிகழாதது நிகழ்ந்ததாகவும் நிகழ்ந்தது நிகழாததாகவும் தோன்றும். ஒருவர் முன்கோட்டைக் காக்க, மற்றவர் பின்னே தங்கி, ஆட்டம் திடீரெனத் திரும்பினால் மறுகோட்டுக்கு முந்திச் செல்ல ஆயத்தமாயிருப்பார். ரெபரி இருவரில் ஒருவர் கோல்கோட்டின் நீட்சியில், வலைக்கும் மூலைக்கும் இடையே நிற்பார்; மற்றவர் பின்னே நின்று, வட்டில்லாத இடத்தில் நடக்கும் அடிதடியைக் கவனிப்பார். ஆட்டம் திரும்பியதும் பின்னவர் முன்னவராவர். வலையை நோக்கி அடி விழுங்கால், அருகிலுள்ளவர் வலையண்டை விரைந்து வட்டு கோட்டைக் கடந்ததைக் கண்ணாற் காணுதல் வேண்டும், ஊகித்தல் ஆகாது.

இவ்விடத்தில் ஹவில்தார் கூறிய ஒன்று என் மனத்திற் பதிந்துவிட்டது. அவருடைய ஊர்க் குளத்தில், சறுக்குக் காலணிகள் சீவியெறிந்த பனித்தூள் சிறிது நேரத்தில் நீலக்கோட்டை மூடிவிடுமாம். “அப்பொழுது எங்கே கோடு?” என்று பையன் கேட்டான். “நான் நிற்கிற இடம்தான் கோடு. அதனால் நான் நகரக்கூடாது” என்றார் அவர். சுண்ணாம்புக்கோடு அழிந்த எங்கள் மைதானத்தை எண்ணிப் பார்த்தேன். இமயத்துக்கப்பாலும் ஆவடியிலும் இடர் ஒன்றாகவே இருக்கின்றது.

விதிகளை இயற்றியோரும் இவ்வுண்மையை மெல்ல மெல்லவே கண்டனர். கால்பந்தாட்டத்தில் 1891ஆம் ஆண்டு வரை ரெபரி களத்துக்கு வெளியே நின்றார். கட்சிக்கொருவராக இருந்த அம்பயர்கள் ஒத்துக்கொள்ளாதபொழுது மட்டும் அவரிடம் வழக்குச் செல்லும். அவ்வாண்டில் அவரைக் களத்துள் அழைத்து, அம்பயர்களைக் கோட்டோரத்துக்கு அனுப்பினர். ஐஸ் ஹாக்கியின் தொடக்க காலத்தில் கோலைக் காணுதற்கென்றே ஒருவர் வலையின் பின்னால் பனிமேல் நின்றார். பின்னர் அவரைக் களத்துக்கு வெளியே அமர்த்தினர். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகில் ஒரே ரெபரி நெடுங்காலம் எல்லாவற்றையும் காண முயன்றார். ஆட்டத்தின் விரைவு மிகுதிப்பட, 2000-01 பருவத்திலிருந்து எல்லாப் பந்தயங்களுக்கும் இருவரை நியமித்தனர். ஒருவருக்குக் கண் மங்கியதாலன்று. ஒருவர் ஒரே நேரத்தில் ஈரிடத்தில் நிற்க முடியாதென்பதால்.

விசிலைப் பற்றியும் ஒரு சொல். கடுங்குளிரில் உலோக விசில் உதட்டில் ஒட்டிக்கொள்ளும்; ஆகவே பனிநடுவர்கள் பிளாஸ்டிக் விசிலை விரல்களில் மாட்டிக்கொள்வர். உள்ளே உருளும் சிறுமணி சிக்கிக்கொண்டால் ஒலி எழாதென்று கண்டு, கனடா தேசத்துக் கூடைப்பந்து நடுவர் ரான் பாக்ஸ்கிராப்ட் என்பவர் மணியற்ற விசிலை 1987இல் வெளியிட்டார். ஆவடி வெயிலிலும் புழுதியிலும் சிக்காதது அதுவே. நல்ல தீர்ப்பும் ஒலிக்காவிட்டால் இல்லாததற்குச் சமம்.

பையனுக்கு மிகவும் பயன்பட்டவை, தண்டனை விதிக்கும் முறையும் கலகம் மூண்டால் ஒழுகும் முறையுமாம். பனித்தளத்தில் குற்றங்கண்ட ரெபரி உடனே ஊதுவதில்லை. கையை நேரே உயர்த்திக்கொண்டு ஆட்டத்தைத் தொடரவிடுவார். குற்றஞ்செய்த கட்சியார் வட்டைக் கைப்பற்றியபின்னரே ஊதுவார். தீங்குற்ற கட்சி தன் தாக்குதலை இழத்தல் கூடாதல்லவா? பின்பு எழுத்தர் மேசைக்குச் சென்று எண்ணையும் குற்றத்தையும் தெளிவாகக் கூறுவார். அம்மேசையின் முன்னே மூன்று மீட்டர் ஆரமுள்ள ஓர் அரைவட்டம் வரையப்பட்டிருக்கும். ரெபரி மேசையாரோடு பேசிக்கொண்டிருக்குங்கால் ஆடுவோர் எவரும் அனுமதியின்றி அதனுட் புகலாகாது; புகுந்தால் தண்டனை. அவ்வளவு பெரிய களத்தில் நடுவருக்கென்று விடப்பட்ட நிலம் அது ஒன்றே. சண்டை மூண்டாலோ, லைன்ஸ்மன்கள் இருவரும் இடையே புகுந்து விலக்குவர். ரெபரிகள் கைவையாது சற்று விலகி நின்று, முதலில் அடித்தவர் யார், மூன்றாமவராக வந்து புகுந்தவர் யார் என்று எண்களைக் குறித்துக்கொள்வர். எல்லோரும் விலக்கப் போனால் சாட்சி கூற ஒருவரும் மிஞ்சார். எங்கள் பந்தயங்களில் நடப்பது அதுதான். பையனின் சட்டையைப் பற்றியவரைப் பற்றி முறையிட்டபொழுது, பற்றினவர் யாரென்று கண்டதாகச் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. அன்று அங்கே நூறுபேர் இருந்தனர்.

அடுத்த பந்தயத் தொடரில் யான் மேசையின் முன்னே சுண்ணாம்புப் பொடியால் அரைவட்டம் ஒன்று போடுவித்தேன். ஹாக்கி விதிகளில் அதற்கு இடமில்லை, ஆயினும் தடையுமில்லை. கட்சித் தலைவர் இருவரையும் ஆட்டத்துக்கு முன் அழைத்து, நடுவர் அதனுள் நிற்குங்கால் எவரும் நெருங்கக் கூடாதென்றும், தலைவர் மட்டும் கோட்டுக்கு வெளியே நின்று வினவலாமென்றும் கூறினேன். முதல் நாள் நகைத்தனர். பஞ்சாபிப் பெரியவர் ஒருவர் அது இலட்சுமணன் கோடோ என்று கேட்டார். வலையையும் தைத்தோம். இன்னொரு நடுவரை மேசையருகே நிறுத்தி, சச்சரவு நேர்ந்தால் ஓடாமல் நின்று குறிப்பெடுப்பதே அவர் வேலை என்று வகுத்தோம்.

பையன் மீண்டும் விசில் எடுப்பதாக ஒருபோதும் வாயாற் சொல்லவில்லை. ஆனால் பந்தயமில்லாத மாலைகளில் வெறும் மைதானத்துக்கு வந்து, பக்கக்கோட்டிலிருந்து கோல்கோட்டு வரை நடந்து, ஐந்தடிக்கு ஒருமுறை நின்று, வலையை நோக்கி, எந்த இடத்திலிருந்து எந்தக் கம்பம் மறைகின்றதென்று குறிப்பேட்டில் எழுதினான். ஹவில்தார் சில நாள் உடன் வந்து, ஆடுவோனாக நடித்து அவன் பார்வையை மறைப்பார். அக்குறிப்பேட்டை யான் பார்த்திருக்கின்றேன். கால்தடங்களும் அம்புக்குறிகளும் நிறைந்த அதில், எந்த விதியின் எண்ணும் எழுதப்பட்டிருக்கவில்லை.

நான்கு மாதங்களுக்குப் பின் அவனை ஏசிய அதே கட்சியின் ஆட்டம் ஒன்றுக்கு அவன் நடுவனாக நின்றான். யான் வேறொருவரை அனுப்ப எண்ணினேன், அவன் இசையவில்லை. முற்பாதியில் மழை தூறி மண் நனைந்திருந்தது. பிற்பாதியில், காப்போன் ஒருவன் கோட்டின்மேல் விழுந்து பந்தை வெளியே தட்டினான். பையன் கோல் என்றான். இம்முறையும் தீர்ப்பு அவர்களுக்கு எதிராகவே விழுந்தது. நாலைந்து பேர் ஓடிவந்தனர். அவன் பின்னடையாமல், கம்பத்துக்கு மூன்றடி தூரத்தில், நின்றவிடத்திலேயே நின்றான். அவர்களின் தலைவர் முன்னே வந்து, அவனை ஒருமுறை, கோட்டை ஒருமுறை, ஈரமண்ணில் பதிந்திருந்த அவன் காலடிகளை ஒருமுறை பார்த்தார். பின்பு தம்மவரைக் கையசைத்து மையக்கோட்டுக்கு அனுப்பிவிட்டார். வருத்தந் தெரிவித்தார் என்று எழுத எனக்கு ஆசையுண்டு, தெரிவிக்கவில்லை. அன்று மாலை தேநீர் அருந்துகையில் பையன் அதைக் குறித்து ஒன்றும் பேசவுமில்லை. பந்து கோட்டைக் கடந்தது ஒரு சாண் அளவு என்று மட்டும் கூறினான்.

ஹவில்தார் மாற்றலாகி வடக்கே சென்றுவிட்டார். பையன் படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்து, ஞாயிறுகளில் மட்டும் வருகின்றான். இப்பொழுது அவனிடம் மூன்று சிறுவர்கள் பழகுகின்றனர். இன்னும் நால்வர் தேவை. நம் மாணவரில் ஓடத்தக்கவர் எவரேனும் இருப்பின், அம்பத்தூர் தாண்டி ஆவடி வரை ரயிலேறி வரச் சித்தமாயிருப்பின், விசிலை யான் கொடுப்பேன். அரைவட்டம் ஒவ்வொரு ஞாயிறும் வரையப்படுகின்றது. சுண்ணாம்புப் பொடியின் செலவைக் குறித்து எங்கள் பொருளாளர் மட்டும் மாதந்தோறும் முணுமுணுக்கின்றார்.